கறவைப் பசுவின் குளம்பைச் சீர்செய்தல்

நமது கிராமங்களில் சிறு குடியானவர்களுக்கும் நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் ஆண்டு முழுவதும் கைக்குக் காசு தருவது கறவை மாடு வளர்ப்பே என்றால் அது மிகையாகாது. பயிர்த் தொழிலின் வருமானம் அறுவடைக்கு அறுவடை வருவது. பாலோ காலையும் மாலையும் அளந்து ஊற்றப்பட்டு வாரந்தோறும் பணமாக வருவது. ஆகவே பசுவின் தீவனத்திலும், மடியின் சுத்தத்திலும், சினைப் பருவத்திலும் கண்ணுங் கருத்துமாய் இருக்க நம் மக்கள் நன்கு கற்றுக்கொண்டிருக்கின்றனர். ஆயினும், அந்த உடல் முழுவதையும் தாங்கி நிற்கும் எட்டுக் குளம்புகளை நாள்தோறும் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே.

கால் நோகும் பசு எழுந்து நிற்க விரும்பாது. நிற்காத பசு போதிய தீவனம் தின்னாது. தீவனம் குறைந்தால் பால் குறையும், உடல் மெலியும், பருவத்துக்கு வருவதும் தெரியாமற் போகும். முதலில் ஒரு லிட்டர், பின்னர் இரண்டு லிட்டர் என்று பால் குறையும்போது அதற்குக் காரணம் தீவனமோ, திருஷ்டியோ என்று வீட்டார் தேடிக்கொண்டிருப்பார்கள். காரணம் காலடியில் இருக்கும். இறுதியில் மாடு வெளிப்படையாக நொண்டத் தொடங்கியதும், வாங்கிய விலையில் ஒரு பங்குக்கு அதனை அடிமாடாக விற்றுவிட நேருகிறது. இவ்வாறு விற்கப்படும் பசுக்களுள் பல, ஆண்டுக்கு இருமுறை குளம்பைச் சீர்செய்திருந்தால் இன்னும் சில ஈற்றுக்கள் பால் தந்திருக்கக் கூடியவை. குளம்பைச் சீர்செய்வது கடினமான வித்தை அன்று. ஆனால் எதை வெட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவரே அதனைச் செய்யத் தக்கவர். அதற்குரிய கருவிகளையும் முறைகளையும் இங்கே விளக்குவோம்.

குளம்பின் அமைப்பு

குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரே குளம்பு. மாட்டுக்கோ ஒரு காலுக்கு இரண்டு. இவ்விரண்டில் உடலின் நடுப்பக்கம் நோக்கியது உட்குளம்பு. வெளிப்பக்கம் நோக்கியது வெளிக்குளம்பு. நமது விரல் நகத்தைப் போன்ற பொருளாலானதே குளம்பின் ஓடு. அதில் உணர்ச்சியில்லை, இரத்தமும் இல்லை. ஓட்டின் உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த உயிர்த்தசை ஒன்று இருக்கிறது. ஓட்டை வளர்ப்பது இத்தசையே. அதற்கும் உள்ளே குளம்பெலும்பு அமைந்திருக்கிறது. எலும்பின் பின்பாகத்தில், குதிப்பகுதிக்கு மேலே, கொழுப்பாலான மெத்தை ஒன்று உண்டு. பசு காலை ஊன்றும்போது ஏற்படும் அதிர்ச்சியை இம்மெத்தை தாங்கிக்கொள்கிறது. உடல் மெலிந்த பசுவுக்கு இம்மெத்தையும் மெலியும். அதனால் கால் நோய் எளிதில் பற்றும்.

குளம்பின் பக்கங்களில் செங்குத்தாக நிற்பதைச் சுவர் என்றும், தரையை நோக்கிய பாகத்தை அடித்தோடு என்றும் கூறலாம். இவ்விரண்டும் சேருமிடத்தில் வெண்மையான கோடு ஒன்று ஓடும். குளம்பைக் கழுவி மேலாகச் சீவினால் இக்கோடு தெளிவாகத் தெரியும். இவ்விடம் மற்றவற்றைவிட மென்மையானது. சிறு கல்லும் முள்ளும் புகுந்து சீழ்வைப்பது பெரும்பாலும் இவ்வழியாகத்தான்.

குளம்பின் சுவர் மாதம் ஒன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளருகிறது. மேய்ச்சலுக்கு நடந்து செல்லும் மாட்டுக்கு ஏறக்குறைய அதே அளவு தேய்ந்தும்விடுகிறது. நடையின்றிக் கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு வளர்ச்சி உண்டு, தேய்மானம் இல்லை. ஓராண்டில் 6 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய ஓடு வேறெங்கும் போக வழியின்றி நுனியில் நீண்டு, செருப்பின் மூக்குப் போல மேல்நோக்கி வளைகிறது. நுனி நீண்டால் உடலின் பாரம் பின்னே சாய்ந்து குதிப்பகுதியில் விழுகிறது. அங்கேதான் எலும்பின் முனை ஒன்று கீழ்நோக்கி அழுத்துகிறது. எலும்புக்கும் ஓட்டுக்கும் இடையே உயிர்த்தசை நசுங்கிப் புண்ணாகிறது. இதனை அடிப்புண் என்பர்.

இன்னுமொன்று நினைவில் வைக்கத் தக்கது. பின்னங்கால்களில் வெளிக்குளம்பே அதிகப் பாரம் சுமக்கிறது. அதுவே அதிகமாகவும் வளருகிறது. முன்னங்கால்களில் இதற்கு மாறாக உட்குளம்பு மிகையாக வளரும். கறவைப் பசுக்களின் கால் நோய்களில் பெரும்பாலானவை பின்னங்காலின் வெளிக்குளம்பில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

குளம்பு கெடுவதற்குரிய காரணங்கள்

முதற்காரணம் நடையின்மை, இரண்டாவது ஈரம். சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் இரவு பகலாக நிற்கும் மாட்டின் குளம்பு ஊறி மெதுவாகிறது. ஊறிய குளம்பு சிமெண்டுத் தரையில் உராயும்போது அடித்தோடு அளவுக்கு மிஞ்சித் தேய்ந்து மெல்லியதாகிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரே கொட்டகையில் நுனி நீண்ட குளம்பையும் அடி தேய்ந்த குளம்பையும் ஒருங்கே காணலாம்.

மூன்றாவது காரணம் தீவனம். இது பலரும் அறியாதது. சோறு, கஞ்சி, அரிசி, மாவு வகைகளை அளவுக்கு மீறி ஊட்டினால் அவை பசுவின் முதல் இரைப்பையில் விரைவாகப் புளித்து அமிலமாகின்றன. அதன் விளைவாகக் குளம்பின் உள்ளேயிருக்கும் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. தசை தரமான ஓட்டை வளர்க்க இயலாமற் போகிறது. இதன் அடையாளம் உடனே வெளியில் தெரிவதில்லை. உள்ளே கட்டிய இரத்தம், ஓடு வளர வளரக் கீழே இறங்கி, இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே அடித்தோட்டில் செந்நிறத் திட்டுகளாகக் காணப்படும். கல்யாண விருந்தில் மிஞ்சிய சோற்றை ஆசையோடு பசுவுக்குக் கொட்டியவர், மூன்றாம் மாதத்தில் அது நொண்டும்போது இவ்விரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. வைக்கோலும் பசும்புல்லும் போதிய அளவு தந்து, அடர்தீவனத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துத் தருவதே குளம்புக்குச் செய்யும் முதல் சிகிச்சையாகும்.

நான்காவது காரணம் ஈற்றுக் காலம். கன்று ஈனும் பருவத்தில் பசுவின் உடற்கட்டுகள் தளருகின்றன. அக்கட்டுகளுள் குளம்பெலும்பைத் தாங்குபவையும் அடங்கும். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் பசுவைக் கடினமான தரையில் நெடுநேரம் நிற்க விடாமல், வைக்கோலோ மணலோ பரப்பிப் படுக்க வசதி செய்து தருதல் நலம்.

நோயை முன்னதாக அறிதல்

மாடு மூன்று காலில் நிற்கும்வரை காத்திருப்பது தவறு. நடையில் தோன்றும் சிறு மாறுதலை வாரம் ஒருமுறை கவனித்தால் போதும். நலமான பசு நிற்கும்போதும் நடக்கும்போதும் அதன் முதுகு நேராக இருக்கும். முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலும் பதியும். நடக்கும்போது மட்டும் முதுகை வளைக்கும் பசுவுக்கு நோவு தொடங்கிவிட்டதென்று கொள்ள வேண்டும். நிற்கும்போதும் வளைக்குமாயின் நோவு முற்றியிருக்கிறது. அடி சிறுத்து வைத்தல், தலையை ஆட்டி நடத்தல், பின்னங்கால் முட்டிகள் ஒன்றையொன்று நெருங்கிப் பாதங்கள் வெளிப்புறம் திரும்பி நிற்றல், பால் கறக்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்தல் ஆகியனவும் அடையாளங்களே.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வாயில் நுரையும் நாக்கில் கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து, குளம்புகளுக்கிடையே புண் காணுமாயின் அது கோமாரி நோயாக இருக்கலாம். அப்போது குளம்பில் கத்தி வைக்கலாகாது. மாட்டைத் தனியே பிரித்துக் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை போடப்படும் கோமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்வது இந்நோய்க்கு உற்ற காப்பாகும்.

தேவையான கருவிகள்

அரிவாளும், மரவேலை உளியும், பாக்குவெட்டியும் குளம்பு வெட்டும் கருவிகள் அல்ல. சுத்தியால் உளியை அடித்து நுனியைத் தறிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அடி எங்கே நிற்குமென்று அதில் சொல்ல முடியாது. ஓடு பிளந்து உயிர்த்தசை வரை வெடிப்பு ஏறிவிடக்கூடும். கீழ்க்காணும் கருவிகள் போதுமானவை.

முதலாவது, குளம்பு வெட்டும் குறடு. நீண்ட கைப்பிடிகளும் கூரிய வாயும் உடைய இது நீண்ட நுனியைத் துண்டிக்கப் பயன்படும். இரண்டாவது, குளம்புக் கத்தி. இதன் அலகு சற்றே வளைந்து, நுனி சுருண்டிருக்கும். அடித்தோட்டை மெல்லிய சீவல்களாக எடுப்பதற்கு இதுவே ஏற்றது. வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு என்று இது செய்யப்படுகிறது. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, முரட்டு அரம். வெட்டிய விளிம்புகளை மழுக்கவும், இரு குளம்புகளையும் சமப்படுத்தவும் இது வேண்டும். நான்காவது, அளவுகோல். 7.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் பட்டையே இதற்குப் போதும். இவற்றோடு கழுவும் தூரிகை, சாணைக்கல், சுருண்ட நுனியைத் தீட்டுவதற்கு ஓர் உருண்டை அரம், தடித்த தோல் கையுறை, பருத்திக் கயிறு, கட்டுத்துணி, புண்ணில் இடும் கிருமிநாசினி ஆகியவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கத்தி கூர்மையாக இருத்தல் முதன்மையான பாதுகாப்பு. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அழுத்தி இழுக்கும் கத்தி வழுக்கினால் வெட்டுவோர் கையிலோ மாட்டின் காலிலோ பாயும். ஒவ்வொரு காலுக்கும் முன்னதாகக் கத்தியைத் தீட்டிக்கொள்வது நல்ல வழக்கம். ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குப் போகுமுன் கருவிகளைக் கழுவிக் கிருமிநாசினியில் நனைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் ஒரு மாட்டின் கால் நோய் மற்றதற்கும் பரவும்.

மின்சாரத்தால் சுழலும் தேய்ப்புக் கருவிகளும் இக்காலத்தில் வந்துள்ளன. அவை வேலையை விரைவாக்கும், தவற்றையும் விரைவாக்கும். ஒரே இடத்தில் சிறிது நேரம் வைத்தாலும் ஓடு சூடேறும். ஒரு கணத்தில் அளவுக்கு மேல் தேய்ந்துவிடும். கைக்கருவிகளில் தேர்ச்சி பெற்ற பிறகே, கண்ணாடி அணிந்து, அவற்றைக் கையாள வேண்டும்.

மாட்டைக் கட்டும் முறை

குளம்பு சீர்செய்வதில் மனிதருக்கு நேரும் காயங்கள் கத்தியால் மட்டும் அல்ல. கட்டத் தெரியாமையாலும் நேருகின்றன. குதிரையின் குளம்பைச் சீவுவோர் அதன் காலைத் தம் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு வேலை செய்வர். பசுவிடம் அம்முறை செல்லாது. குதிரை பெரும்பாலும் நேர்பின்னாக உதைக்கும். பசுவோ காலை முன்னுக்கு இழுத்துப் பக்கவாட்டில் வீசி உதைக்கும். ஆகவே பசுவின் விலாப்பக்கத்தில், பின்னங்காலின் வீச்சுக்குள் குனிந்து நிற்பது அபாயம்.

தரையில் நட்ட நான்கு கெட்டியான மரக்கால்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட கூண்டே இதற்கு மிகவும் ஏற்றது. இத்தகைய சட்டம் கால்நடை மருந்தகங்களில் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஊர்ப் பொது இடத்திலும் இதனை எளிதில் அமைக்கலாம். தரை வழுக்காதவாறு மணலோ சாக்கோ விரித்து, பசுவை உள்ளே நிறுத்தி, தலையை முகக்கயிற்றால் முன்சட்டத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். மூக்கணாங்கயிற்றை இழுத்துக் கட்டலாகாது. மாடு துள்ளினால் மூக்கு கிழியும். மார்பின் கீழும் வயிற்றின் கீழும் அகன்ற பட்டையோ மடித்த சாக்கோ தளர்வாகக் கட்டினால், பசு திடீரென்று அமர்ந்துவிடாது. பட்டை மடியையும் பால் நரம்பையும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னங்காலைத் தூக்குவதற்கு, முட்டிக்கு மேலே தடித்த பருத்திக் கயிற்றைச் சுற்றி, மேற்சட்டத்தின் வழியாக இழுத்து, உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதம் பின் குறுக்குச் சட்டத்தின் மேல், சாக்கு மெத்தையில் படிந்திருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு தோலை அறுக்கும்; அதனை விலக்குக. எந்த முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருத்தல் வேண்டும். மாடு சரிந்து விழுமானால் முடிச்சை அவிழ்க்கத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. ஒரு காலைச் சில நிமிஷங்களுக்கு மேல் தூக்கி வைக்காமல், இடையிடையே இறக்கிவிட்டு ஓய்வு தர வேண்டும்.

வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டும்போது கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. எருதுக்கு ஒத்துவருவது கறவைப் பசுவுக்கு ஒத்துவராது. சினைப் பசுவையும் பால் நிறைந்த மடியுள்ள பசுவையும் சாய்ப்பதால் கருவுக்கும் மடிக்கும் கேடு விளையலாம். தீவனம் நிறைந்த வயிற்றோடு பக்கவாட்டில் நெடுநேரம் படுத்திருக்கும் மாட்டுக்கு வயிறு உப்புசம் கண்டு மூச்சு முட்டவும் கூடும். வேறு வழியின்றிச் சாய்க்க நேருமாயின், அது கால்நடை மருத்துவரின் முன்னிலையிலேயே நடக்க வேண்டும்.

காலை வேளையே இவ்வேலைக்கு உகந்தது. பாலைக் கறந்துவிட்டு, வயிறு நிரம்பத் தீவனம் போடுமுன் தொடங்குக. மாட்டை அதட்டாமலும் அடிக்காமலும், வழக்கமாகக் கறப்பவர் அருகில் நின்று கழுத்தைத் தடவிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

வெட்டும் முறை

குளம்பைச் சீர்செய்யும் முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர் நெதர்லாந்து நாட்டு யூட்ரெக்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டூசான் ராவன் ஆவார். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் வகுத்த முறை இன்று பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. நலமான குளம்பை முதலில் அளவாக்கிக்கொண்டு, மிகையாக வளர்ந்ததை அதற்குச் சமமாக்குவதே அதன் சாரம். பின்னங்காலுக்கு அது வருமாறு:

1. குளம்பைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. அழுக்கோடு வெட்டினால் வெண்கோடும் தெரியாது, நோயும் தெரியாது.

2. உட்குளம்பிலிருந்து தொடங்குக. மேலே மயிர் முடிந்து கடின ஓடு தொடங்கும் இடத்திலிருந்து, முன்பக்கச் சுவரின் வழியாக நுனிவரை அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஹோல்ஸ்டீன் இனப் பசுவுக்கு இந்நீளம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. உடல் பெருத்த பசுக்களுக்கு இதனினும் அதிக நீளம் விட வேண்டுமென்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஜெர்சிக் கலப்பினம் போன்ற சிறிய உடலினவற்றுக்கும் புதிதாகப் பழகுவோர் இவ்வளவுக்குக் கீழே போகாமலிருப்பதே பாதுகாப்பு. மிகுந்த பகுதியைக் குறட்டால் நறுக்குக. குளம்பு அளவுக்குள்ளேயே இருந்தால் நுனியைத் தொடவே வேண்டாம்.

3. நறுக்கிய முகப்பில் அடித்தோட்டின் கனம் கண்ணுக்குத் தெரியும். கத்தியால் நுனிப்பக்கமிருந்து மெல்லிய சீவல்களாக எடுத்து அடியைத் தட்டையாக்குக. நுனியில் குறைந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர் கனம் மிஞ்ச வேண்டும். உட்குளம்பின் குதியைக் குறைக்கலாகாது. பெரும்பாலும் அது ஏற்கெனவே தாழ்ந்தே இருக்கும்.

4. இனி வெளிக்குளம்பை உட்குளம்பின் நீளத்துக்கு நறுக்கி, அதன் அடியையும் குதியையும் உட்குளம்பின் உயரத்துக்குக் கொணர்க. கத்தியின் முதுகை இரு குளம்புகளின் மேலும் குறுக்கே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உடலின் பாரம் இரண்டுக்கும் சமமாகப் பகிரப்படுவதே இம்முறையின் நோக்கம்.

5. அடித்தோட்டின் பின்பாதியில், இரு குளம்புகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கை ஒட்டிய பகுதியைச் சிறிது குழிவாகச் சீவுக. எலும்பின் முனை அழுத்தும் இடம் அதுவே. அங்கே தரை படாமலிருந்தால் அடிப்புண் தோன்றாது. சாணமும் சேறும் இடுக்கில் தங்காமல் வெளியேறவும் இக்குழிவு உதவும். ஆனால் நுனிப்பகுதியைக் குழிவாக்கலாகாது. பாரம் தாங்க அது தட்டையாகவே இருக்க வேண்டும்.

6. தளர்ந்து தொங்கும் ஓட்டையும், குதியில் வெடித்த விளிம்புகளையும் நீக்கி, அரத்தால் மழுக்கி முடிக்க வேண்டும்.

முன்னங்காலுக்கும் இம்முறையே, வரிசை மட்டும் மாறும். அங்கே வெளிக்குளம்பை முதலில் அளவாக்கி, உட்குளம்பை அதற்குச் சமமாக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

குளம்பை நீளமாக விட்டால் அடுத்த மாதம் திரும்பவும் வெட்டிக்கொள்ளலாம். அளவுக்கு மேல் வெட்டினால் அது வளர்ந்து மூடுவதற்குப் பல வாரங்களாகும். அதுவரை அந்தப் பசுவுக்கு ஒவ்வோரடியும் வேதனையே. ஆகவே ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு கட்டைவிரலால் அடித்தோட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிதளவேனும் அமுங்கினால் அங்கே நிறுத்துக. இளஞ்சிவப்பு நிறம் பரவுவது கண்டாலும் நிறுத்துக. உயிர்த்தசை அருகில் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். முன்னர்க் கூறிய பழைய இரத்தத் திட்டுகளைக் கண்டால் அவற்றைத் துரத்திக்கொண்டு ஆழமாகத் தோண்டுவது கூடாது. பின்னங்காலுக்குத் தொடக்கமாகும் உட்குளம்பு ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருந்தால், அதனைச் சிறிதும் சீவாமல் வெளிக்குளம்பை மட்டும் இயன்றவரை அதற்கு இணையாக்கினால் போதும்.

தவறி இரத்தம் கசிந்தால் பதற வேண்டியதில்லை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, நின்றதும் கிருமிநாசினி தடவிக் கட்டுக் கட்டி, உலர்ந்த இடத்தில் பசுவை நிறுத்த வேண்டும். கசிவு நிற்காவிட்டாலும், சீழ் வந்தாலும், புண்ணில் தசை பிதுங்கியிருந்தாலும், பாதத்துக்கு மேல் வீக்கம் கண்டாலும் அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. நலமான குளம்பின் அடியில் மரக்கட்டை ஒன்றை ஒட்டி, நோயுற்ற குளம்பு தரையில் படாமல் உயர்த்திவிடும் சிகிச்சை இன்று உண்டு. நோவு தணிக்கும் மருந்தும் சேர்ந்தால் நொண்டிய பசு நன்கு தேறும். மாட்டை விற்க நினைக்குமுன் இதனைக் கேட்டறிவது நலம்.

காலமும் பின் பராமரிப்பும்

கட்டுத்தறியில் வளரும் பசுவுக்கு ஆண்டில் இருமுறை குளம்பைப் பார்த்துச் சீர்செய்தல் பொதுவான விதி. ஈனுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் முன்னதாகப் பாலை வற்றவிடும் சமயம் ஒன்று. கன்று ஈன்ற மூன்று நான்கு மாதங்களில் மற்றொன்று. நிறைசினையின் கடைசி வாரங்களில் பசுவைக் கூண்டில் ஏற்றித் தொல்லைப்படுத்த வேண்டாம்.

குளம்பிடுக்கில் துர்நாற்றமும் அழுகலும் தோன்றும் மழைக்காலத்தில், மயில்துத்தக் கரைசலில் கால்களை நனைப்பது பயன் தரும். 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் மயில்துத்தம் என்ற அளவில் கரைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் வைக்க வேண்டும்; இரும்புப் பாத்திரத்தை அது அரித்துவிடும். கால்களை முதலில் நீரால் கழுவிவிட்டே கரைசலில் நிறுத்துக. சாணம் கலந்தால் மருந்தின் வலிமை குன்றும். மாடு அதனைக் குடித்துவிடாமல் காவலிருக்க வேண்டும். எஞ்சிய கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுவது பெருந்தவறு. அது மீன்களைக் கொல்லும். செம்பு நஞ்சு செம்மறியாடுகளுக்கும் மிகக் கொடியது.

கொட்டகையில் மூத்திரம் வடியுமாறு சரிவு வைத்தலும், நாள்தோறும் சாணம் அள்ளுதலும், பசு படுக்குமிடத்திலேனும் மண் அல்லது ரப்பர் விரிப்பு அமைத்தலும், தினந்தோறும் சிறிது நேரம் உலர்ந்த தரையில் நடக்கவிடுதலும், தாது உப்புக் கலவையை மருத்துவர் கூறும் அளவில் தீவனத்தோடு சேர்த்தலும் குளம்பை உறுதிப்படுத்தும். இவற்றைச் செய்யாமல் கத்தியை மட்டும் நம்புவது, ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பது போலாகும்.

ஊர்ப் பணியாகக் கொள்ளல்

இரண்டு பசு வைத்திருக்கும் குடும்பம் இக்கருவிகளனைத்தையும் தனக்கென வாங்க வேண்டுமென்பதில்லை. ஆண்டில் நான்கு நாள் உபயோகத்துக்கு அது மிகையான செலவு. ஊரிலுள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ ஒரு கருவிப் பெட்டியையும், ஒரு மரக்கூண்டையும் பொதுவில் வைத்துக்கொண்டால் ஊர்ப் பசுக்களனைத்துக்கும் அவை பயன்படும்.

கருவிக்கு ஏற்ற கைகளும் வேண்டும். வண்டியும் ஏரும் குறைந்துவிட்டதால், லாடம் கட்டும் தொழிலாளர் பலர் தம் தொழிலை விட்டுச் சென்றுவிட்டனர். மாட்டின் காலைப் பிடிக்கவும், ஓட்டின் உறுதியைக் கைப்பதத்தால் அறியவும் பரம்பரையாகப் பழகியவர்கள் அவர்கள். அத்திறமையோடு மேற்கூறிய அளவுகளும் வரிசையும் சேர்ந்தால், கறவைப் பசுக்களின் குளம்பைக் காக்கும் புதிய தொழிலுக்கு அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. ஊர் இளைஞரும் பெண்டிரும் இதனைக் கற்கலாம். இதில் பலத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும்.

கற்பவர் உயிருள்ள மாட்டில் தொடங்கலாகாது. இறந்த மாட்டின் கால்களில் வெட்டிப் பழகி, பின்னர் அக்குளம்பை நெடுக்காக அறுத்து, தாம் எவ்வளவு கனம் விட்டிருக்கிறோம் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே, அனுபவமுள்ளவர் அருகிலிருக்க, உயிருள்ள மாட்டில் கை வைக்க வேண்டும். 1989ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இயங்குகின்றன. ஊரார் ஒருமித்துக் கேட்டால் அங்கேயும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் வழிகாட்டுதல் பெறலாம். மாடு எழ இயலாமற் கிடக்கும் அவசர நிலையில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.

நாளைக் காலை பால் கறந்து முடித்ததும், ஒவ்வொருவரும் தம் பசுவைப் பத்தடி நடக்கவிட்டு அதன் முதுகையும் கால்களையும் பார்ப்பார்களாக. நுனி நீண்டிருந்தால் இப்போதே அதற்கு வழி செய்யலாம். கன்று ஈன்ற பசு தன் முழுப் பாலையும் தருவதற்கு, அது நோவின்றி எழுந்து நின்று வயிறாரத் தின்ன வேண்டும். அதற்கு ஆண்டில் இருமுறை, ஒரு காலை வேளைப் பொழுதைச் செலவிட்டால் போதும்.